பக்கவழிக்கு நாற்பது பேர்

குடியிருப்போர் சங்கத்தின் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை எல்லோரும் கூடத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்றார்கள். அவள் மறுத்ததில்லை. பத்தொன்பது வருஷமாகக் கூடத்தைத் திறந்து, பெருக்கி, நாற்காலி போட்டு, கூட்டம் முடிந்ததும் அடுக்கிப் பூட்டுகிறாள். ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. ஆனால் கூட்டங்களைப் பற்றி அவளுக்குச் சில தீர்மானங்கள் உண்டு. வரிசையாக நாற்காலி போட்டால் பின்வரிசை சண்டை பிடிக்கும். வட்டமாகப் போட்டால் ஒருவரும் பேசமாட்டார்கள். டீயை முதலில் கொடுத்தால் பாதிப் பேர் குடித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். கடைசியில் என்று சொல்லிவைத்தால் எதற்கு வேண்டுமானாலும் கை தூக்குவார்கள். மனிதர்கள் சேர்ந்து முடிவெடுப்பதைப் பற்றித் தடித்த புத்தகங்கள் எழுதியவர்கள் இவற்றைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கூடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே, தகரம் போட்ட ஒரு பக்கவழி இருந்தது. மூன்று வருஷமாக ஏழு பேர் அங்கே படுத்தார்கள். ஒரு கொத்தனார், ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணும் அவள் புருஷனும், மற்ற நால்வரும் கிடைத்த வேலைக்குப் போகிறவர்கள். இருட்டிய பிறகு வருவார்கள். அவள் காலை ஆறு மணிக்குக் கூடத்தைத் திறக்க வரும்போது பாயும் மூட்டையும் மறைந்திருக்கும், தரை பெருக்கியிருக்கும். அவள் கண்டும் காணாத மாதிரி இருந்தாள். அதை இரக்கம் என்று சொல்ல அவசரப்பட வேண்டாம். பெருக்குகிற வேலை அவளுக்கு மிச்சமாயிற்று.

இன்னொரு காரணமும் இருந்தது. அவள் தம்பி வீட்டுப் பின்னறையில் இருந்தாள். தம்பி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டில் அறைகள் மூன்றுதான். போ என்று யாரும் சொல்லவில்லை. தம்பி மனைவி மட்டும், திரைச்சீலைக்கு என்று, ஒரே வாரத்தில் இரண்டு தடவை வந்து பின்னறை ஜன்னலை அளந்துவிட்டுப் போனாள். சொல்லாததைக் கேட்க அக்காவுக்குக் காது இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுத் தையல்காரர் சங்கத்துக்கு மனுக் கொடுத்தார். பக்கவழி வாயில் கம்பிக்கதவு போட்டுப் பூட்ட வேண்டும். தையல்காரர் செயற்குழு உறுப்பினரும்கூட. செயற்குழுவில் இருந்தது ஐந்து பேர். நால்வருக்குக் கதவு பிடித்திருந்தது. ஐந்தாமவர் செயலாளர். அவருக்கு விதி பிடிக்கும். விதிப்படி இப்படிப்பட்ட காரியத்துக்குப் பொதுக்கூட்டம் போட வேண்டும். நாற்பது குடும்பத்தலைவர்கள் வந்தால் முடிவு அவர்களுடையது. ஓர் ஆள் குறைந்தாலும் செயற்குழுவே முடிவெடுக்கலாம்.

நாற்பது பேர் கடைசியாக வந்தது பதினொரு வருஷத்துக்கு முன்னால், தண்ணீர்ப் பிரச்சினைக்கு. அதன்பிறகு ஒன்பது பேர், ஏழு பேர் என்று தேய்ந்தது. ஒரு வருஷம் செயலாளரும் கூடத்தக்காவும் மட்டும் இருந்தார்கள். அவர் ஆண்டறிக்கையை முழுவதும் வாசித்தார். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

‘வீடற்றோர் பிரச்சினை குறித்துக் கலந்துரையாடல், ஞாயிறு மாலை நான்கு மணி’ என்று செயலாளர் அறிவிப்பு ஒட்டினார். படித்தவர்கள் தங்களுக்கு வீடு இருப்பதை நினைத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"நாற்பது பேர் வந்துட்டா, சார்?" என்று அக்கா கேட்டாள்.

"வந்தா அவங்க முடிவு. வரமாட்டாங்க."

அவள் சாமான் அறைக்குப் போய் நாற்காலிகளை எண்ணினாள். சங்கம் வாங்கியது நூற்றிருபது. இருந்தது அறுபத்தொன்று. மிச்சமெல்லாம் விசேஷத்துக்கென்றும் நோயாளிக்கென்றும் வாங்கிப்போன வீடுகளிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. எது எந்த வீட்டில் என்பது அவளுக்கு மனப்பாடம். பாதியைச் சுமந்துபோய்க் கொடுத்ததே அவள்தான்.

வியாழக்கிழமையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். வீடற்றவர்களைப் பற்றி எங்கும் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம், நாற்காலி பத்தவில்லை, உங்கள் வீட்டில் இருக்கும் கூடத்து நாற்காலியோடு குடும்பத்தலைவர் வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அப்படி ஒரு நாற்காலி எங்கள் வீட்டில் இல்லவே இல்லை என்று ஒருவர் அதில் உட்கார்ந்தபடியே சாதித்தார். அவர் எழுந்திருக்கும்வரை அவள் நின்றாள். ஒரு வீட்டில் அதன்மேல் துணிமூட்டை இருந்தது, இன்னொரு வீட்டில் அதில் ஏறித்தான் பரண் சாமானை எடுத்தார்கள். மின்சாதனக் கடைக்காரர் மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கொண்டு வரேன். திரும்பி எடுத்துட்டுப் போகலாமா?"

"கூட்டம் முடியற வரைக்கும் அதுல உட்கார்ந்திருந்தா எடுத்துட்டுப் போங்கண்ணே."

அப்படிச் சொல்ல அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. அதற்கடுத்த வீடுகளில் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தெருவே வீடு மாறுவது போல இருந்தது. தலையில், இடுப்பில், ஸ்கூட்டரில் நாற்காலிகள் வந்தன. தம்பியும் ஒரு குடும்பத்தலைவன்; அவனும் ஒன்றைத் தூக்கி வந்தான். செயலாளர் இரண்டு தடவை எண்ணினார். நாற்பத்தாறு பேர். அவரவர் நாற்காலியை அவரவருக்குத் தோன்றிய இடத்தில் போட்டார்கள். அது வரிசையும் இல்லை, வட்டமும் இல்லை. எழுந்தால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று ஒருவரும் அசையவில்லை.

வந்துவிட்டால் போதும் என்று அக்கா நினைத்திருந்தாள். அது அவள் தப்பு. கூடியிருக்கும் மனிதர்கள் தனியாக இருக்கும் மனிதர்களைவிட நல்லவர்கள் என்பதற்கு எங்கும் அத்தாட்சி இல்லை. கால்மணி நேரத்துக்குள் பெரும்பாலோருக்குக் கதவு பிடித்துப்போனது. இதுவரை கதவைப் பற்றி யோசிக்காதவர்கள்கூட அதற்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள்.

தையல்காரர் மரியாதையாகத்தான் பேசினார். அவருக்கு யார்மீதும் கோபம் இல்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் பார்வை நேராக அங்கே போகிறது, அவ்வளவுதான். இன்னொரு ஜன்னலைத் திறக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அங்கே தையல் மெஷின் இருப்பதாகச் சொன்னார்.

ஏழு பேரில் கொத்தனார் மட்டும் வந்திருந்தார். நாற்காலி இல்லாததால் வாசலோரம் நின்றார். அவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்பது விதியில் இல்லை. இருந்தாலும் செயலாளர் கேட்டார். கொத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், உங்க வீட்டு மாடிப்படியில நாலாவது படி ஒரு இஞ்ச் உயரமா இருக்கும். நான்தான் வச்சேன்."

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "பன்னெண்டு வருஷமா தடுக்கிட்டு இருக்கேன்."

"தெரியும் சார். சரி பண்ணிக் கொடுத்துடலாம்னு ஒரு நாள் வந்தேன். நாய் இருந்துச்சு."

முதல் சிரிப்பு தம்பியிடமிருந்து வந்தது. பிறகு ஒரு அம்மாள் தன் வீட்டுக் குளியலறைக் கசிவும் இவர் கைவரிசைதானா என்று விசாரித்தார். அது மச்சான் வேலை என்றார் கொத்தனார், மச்சான் அவசரக்காரன். அந்தத் தெருவில் பதினோரு வீடுகளில் அவர் கை பட்டிருந்தது. அடுத்த அரைமணி நேரம் கூட்டம் ஓதம், விரிசல், மொட்டைமாடித் தண்ணீர் என்று போனது. வீடற்றோர் பிரச்சினையை ஒருவரும் நினைக்கவில்லை. ஆனால் அது முடிந்தபோது, வாசலோரம் நிற்பவரை ஏற்கெனவே தெரியும் என்பது போல அவர்கள் முகம் மாறியிருந்தது. அதை மனமாற்றம் என்று சொன்னால் மிகை. கசிவை நிறுத்தத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பது வசதி.

மின்சாதனக் கடைக்காரர் ஒரு வழி சொன்னார். கதவு போடுவோம்; பகலில் பூட்டியிருக்கட்டும், சாயங்காலம் ஏழு மணிக்குத் திறந்து காலை ஆறுக்குப் பூட்டுவோம். தையல்காரரின் ஜன்னலும் பகலில்தான் திறக்கிறது. அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு விரலைத் தூக்கினார்.

"ஏழு பேர்னு எழுதிடுங்க. எட்டாவது ஆள் கூடாது. இல்லன்னா நாளைக்கு ஊரே வந்து படுக்கும்."

அதில் நியாயம் இருந்தது. அப்படியே எழுதிவிடலாம் என்று நாலாபக்கமும் குரல் வந்தது. செயலாளர் எழுதக் குனிந்தார்.

"எண்ணிக்கை போடாதீங்க, சார்."

பேசியது கூடத்தக்கா. டீப் பாத்திரத்தோடு பின்னால் நின்றாள். எல்லோரும் திரும்பினார்கள். திரும்பும்போதும் நாற்காலியை விடவில்லை. ஏன் என்று செயலாளர் கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் அவளை அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"எட்டாவது ஆள் யாருன்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

"தெரியாத ஆளைத்தானேக்கா வேணாங்கறேன்?" என்றார் தையல்காரர்.

"தெரிஞ்ச ஆளா இருந்தா?"

தையல்காரர் தூக்கிய விரலை மடக்கிக்கொண்டார். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தம்பி தன் இரண்டு உள்ளங்கைகளையும் முதல் தடவையாகப் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் கல்யாணம் வருவது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வீட்டில் எத்தனை அறை என்பது கொத்தனாருக்கும் தெரியும்.

செயலாளர் எழுதியதை வாசித்தார்: "இடம் உள்ளவரை."

கைகள் மேலே போயின. ஆதரவு முப்பத்தொன்று. தையல்காரர் கையைத் தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. தோள் உயரத்தில் வைத்திருந்தார். பாதி என்று எழுத வழியில்லாததால் செயலாளர் அதை ஆதரவில் சேர்த்தார். அக்கா டீ ஊற்றினாள். பாராட்டி யாரும் எதுவும் சொல்லவில்லை. சர்க்கரை குறைவு என்று இருவர் சொன்னார்கள்.

அடுத்த வாரம் கம்பிக்கதவுக்குத் தூண் நடும் வேலை கொத்தனாருக்கே வந்தது. அக்கா காலையில் வந்தபோது அவர் பக்கவழி வாயில் முளையடித்து நூல் கட்டியிருந்தார். அவள் நின்று பார்த்தாள்.

"ஏழு பேருக்கு இது அளவா இருக்கும்," என்றார் அவர், நூலைப் பார்த்தபடி. "எட்டுன்னா காலை மடக்கிப் படுக்கணும்."

"யாரு மடக்கறது?"

"எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் மடக்க வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார். அது நூலுக்கு வெளியே இன்னும் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. முளையைப் பிடுங்கி, தகரத்தின் விளிம்புக்கு நேராகத் தள்ளி வைத்து, ஒரு கல்லால் அடித்தார்.