முதுகில் எழுதிய சட்டை

சோலையம்மாள் சட்டையின் முதுகைத்தான் முதலில் அடிப்பாள். காலரும் கையும் அழுக்காகவே கிடக்கட்டும், அவளுக்கு அவசரமில்லை. முதுகைக் கல்லில் விரித்து, சவுக்காரக் கட்டியை அழுத்தித் தேய்த்து, ஓங்கி நாலு அறை. பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். கறுப்பு எழுத்து அப்படியே இருக்கும். "நீயும் போக மாட்ட, நானும் விட மாட்டேன்" என்று சட்டையிடம் சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

காளவாசலைத் தாண்டிச் சமயநல்லூர் போகிற சாலையில் உள்ள அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் துவைப்பதும் துடைப்பதும் அவள் வேலை. ஊர் கீழக்குயில்குடி. கூலிக்குக் களை எடுத்தவள். புருஷன் போன பிறகு இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. படிப்பு கிடையாது. ஆனால் நாற்பத்தொரு சட்டையும் ஒரே நிறமாக இருந்தாலும் எது யாருடையது என்று தப்பாமல் சொல்வாள். காலரைச் சப்பியிருந்தால் பேச்சிமுத்து. கையில் மூக்கைத் துடைத்திருந்தால் சின்னக்கருப்பன். பொத்தானே இல்லை என்றால் நல்லகாமன். அவன் பொத்தானைப் பிய்த்துச் சுண்டி விளையாடுகிறவன். "எம்புட்டு அழுக்கு. எங்கிட்டுப் போயிப் பொரண்டுட்டு வாரீக?" என்று திட்டிக்கொண்டே பொத்தான் தைப்பாள்.

சட்டைகள் வந்த கதை நல்ல கதைதான். வைகைக்கு வடக்கே ஒரு கல்லூரி, தெற்கே ஒரு கல்லூரி. தை பிறந்தால் இரண்டுக்கும் கால்பந்துப் போட்டி. தோற்ற கல்லூரி இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சட்டை எடுத்துத் தர வேண்டும் என்று 1976-இல் இரண்டு கேப்டன்களும் டீக்கடையில் பேசி முடித்தார்கள். வெறும் மேலோடு திரிந்த பிள்ளைகளுக்கு அது பெரிய காரியம். இரண்டு வருஷம் ஒழுங்காகவே நடந்தது. மூன்றாம் வருஷம் ஜெயித்த வடகரைப் பையன்களுக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. சட்டை தங்கள் கொடி நிறத்தில் மஞ்சளாக இருக்க வேண்டும். முதுகில் 'தோற்றவர் தந்தது' என்று அச்சடித்திருக்க வேண்டும். தென்கரைப் பையன்களும் சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தார்கள். சிநேகிதர்களுக்குள் ஒரு கேலி. அதைச் சுமக்க அவர்களுக்கு நாற்பத்தொரு முதுகு கிடைத்தது.

முதுகில் இருந்த எழுத்து இல்லத்தின் பெயர் என்று சோலையம்மாளுக்கு நினைப்பு. எழுத்து கலைந்துவிடக் கூடாதே என்று ஆறு மாதம் அதைக் கல்லில் படவிடாமல் கையால் கசக்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போட்டாள்.

ஒருநாள் நல்லகாமன் வெறும் மேலோடு பள்ளிக்கூடம் கிளம்பினான். சட்டை வேண்டவே வேண்டாம் என்றான்.

"ஏன்டா?"

"போட்டா தோத்தாங்குளிங்கிறாய்ங்க."

"நீ என்னத்தடா தோத்த?"

"முதுகுல எழுதியிருக்குல்ல." எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டினான். பள்ளியில் இல்லத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் பெயராம். வாத்தியாரே ஒருதரம் அப்படிக் கூப்பிட்டாராம். பெற்றவர்கள் வைத்த பெயர் இன்னதென்று தெரியாத பிள்ளைகள் பாதிப் பேர். அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் இது.

வார்டன் ஹாலாஸ்யம் கெட்டவர் அல்ல. நாற்பத்தொரு வயிற்றுக்கு அரிசி தேடுகிறவர். அவரிடம் போய் நின்றாள்.

"பசங்க விளையாட்டுக்கு எழுதினது. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா?" என்றார்.

"மாட்டு முதுகுல எழுதி விடலீங்களே அய்யா."

"அப்போ நீயே வாங்கிக் கொடு, நாப்பத்தொரு சட்டை."

கிணற்றில் போட வைத்திருந்த பிளீச்சிங் பவுடரை எடுத்து ஒரு சட்டையில் போட்டுப் பார்த்தாள். மஞ்சள் வெளுத்தது, துணி நைந்தது, எழுத்து நின்றது. அன்று பிடித்தவள்தான் இந்த முதுகடியை.

இந்தத் தையில் தென்கரை ஜெயித்தது. பழிக்குப் பழி வாங்க வேண்டாமா? சட்டை அவர்கள் கொடி நிறமான நீலம், எழுத்து போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு. இரண்டு கேப்டன்களும், சொக்கநாதனும் பட்டாபிராமனும், தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தார்கள். நல்ல பையன்கள், மிட்டாய் கொடுத்தார்கள், சின்னதுகளைத் தூக்கிக் கொஞ்சினார்கள். பத்திரிகையிலிருந்து வந்திருந்த போட்டோக்காரருக்குப் பக்கத்தில் வார்டன் நின்றிருந்தார். "பிள்ளைகளெல்லாம் அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க. எழுத்து தெரியட்டும்" என்றார் போட்டோக்காரர். நாற்பத்தொரு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். கேப்டன்கள் இருவர் மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்கள்.

சோலையம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வரிசையில் முதலில் நின்ற நல்லகாமனின் தோளைப் பிடித்து, கேமராப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். பிறகு பேச்சிமுத்துவை. பிறகு அடுத்தவனை.

"ஆயா, எழுத்து தெரிய வேணாமா?" என்றான் சொக்கநாதன், சிரிப்பு மாறாமல்.

"மொகம் தெரியட்டும் தம்பி" என்றாள். கை நிற்கவில்லை.

கடைசிப் பிள்ளையையும் திருப்பிவிட்டு நிமிர்ந்தபோது, அந்தக் கோடியில் நல்லகாமன் வார்டனின் கண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி முதுகைக் காட்டி நின்றிருந்தான். பேச்சிமுத்து திரும்பிக்கொண்டிருந்தான். சோலையம்மாள் வரிசையின் தலைப்பக்கம் நடந்து போய், நல்லகாமனின் தோளை மறுபடி பிடித்தாள்.