செம்புக் குண்டைத்தான் கேட்டேன்

வேட்டைத் தேர்வில் தேறி, உரிமமும் கைக்கு வந்த வாரம், பீலெஃபெல்ட் நகரில் ஒரு துவக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடை குறைந்த குண்டு தரட்டுமா? பெண்களுக்குத் தோளில் அதிகம் இடிக்காது."

"காட்டுப்பன்றிக்கு வேண்டும். தோளை நான் பார்த்துக்கொள்கிறேன்."

எங்கள் மாநிலத்தில் ஈயக் குண்டால் சுடச் சட்டம் விடாது. மிஞ்சியது இரண்டு வகை. ஒன்று உடம்புக்குள் போனதும் முன்பாதி சிதறும். விலங்கு சீக்கிரம் விழும், ஆனால் இறைச்சிக்குள் துகள்கள் கிடக்கும். மற்றது முழுச் செம்பு. முனை காளான்போல விரிந்து, உடையாமல் மறுபக்கத்தால் வெளியேறும். நான் செம்பைக் கேட்டேன்.

"பன்றி ஓடிவிடும், புதருக்குள் தேடுவீர்கள்," என்றார்.

"தேடுகிறேன். சமைக்கப் போவதும் நான்தான்."

வீட்டில் தோட்டாப் பெட்டியைக் கண்டதும் அப்பாவின் முகம் இறுகியது.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் பிள்ளை நாங்கள் இஞ்சை ஓடிவந்தனாங்கள்."

"அது ஆக்களைச் சுட்ட துவக்கப்பா. நீங்கள் கடையில வாங்கிற இறைச்சியையும் ஆரோ கொல்லுகினம்தானே? நான் அதை ஒளிச்சுச் செய்யேல்லை."

அவர் எழுந்து போய்விட்டார்.

நவம்பரில் பன்றிகளைக் கலைத்துச் சுடும் வேட்டைக்கு அழைத்தார்கள். என் நிறத்தில் நான் ஒருத்திதான். வேட்டைத் தலைவர் என் தோட்டாக்களைப் பார்த்து, "இங்கே எல்லோரும் சிதறும் குண்டுதான்," என்றார். நான் மாற்றவில்லை.

முற்பகலில் ஒரு பன்றி சாய்வாகக் கடந்தது. தோளுக்குப் பின்னால் சுட்டேன். விழவில்லை. முட்புதருக்குள் பாய்ந்து மறைந்தது.

வேட்டை முடிந்து வந்த தலைவர், "காயப்படுத்திவிட்டீர்கள்," என்றார். "குண்டு வெளியே போயிருக்கும். இரத்தம் பாருங்கள்," என்றேன்.

அது ஓடிய தடத்தின் இரு பக்கமும் இலைகளில் நுரைத்த இரத்தம். நாய் தடம் பிடித்து ஐம்பது அடி போய் நின்றது. பன்றி இறந்து கிடந்தது. குண்டு இரண்டு நுரையீரலையும் துளைத்திருந்தது.

விலங்கை வீழ்த்தியவருக்குக் கொடுக்கும் வழக்கப்படி தலைவர் ஒரு தளிர்க் கிளையை என்னிடம் நீட்டியபடி, "அடுத்த முறை சிதறுவதையே பாவியுங்கள்," என்றார்.

"மாட்டேன்," என்று சொல்லிக் கிளையை வாங்கித் தொப்பியில் செருகினேன்.

ஞாயிற்றுக்கிழமை நிறைய மிளகாய்த்தூள் போட்டுக் கறி வைத்தேன். அம்மா இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். அப்பா தொடவில்லை.

"துடிச்சதே?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம், கொஞ்சம். ஒரு வெடிதான் வைச்சனான்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.