பின் சீட்டில் உட்கார்ந்த அரிசி மூட்டை

பீன்யா இரண்டாவது ஸ்டேஜில் என் மளிகைக் கடைக்கு எதிர்வீடுதான் ஆம்ப்ரோஸ் அண்ணனுக்கு. ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷமாக ஃபிட்டர். ஓடுகிற மிஷின் மேல் காதை வைத்தால் போதும், உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை என் ஃபிரிட்ஜ் மேல் காதை வைத்துவிட்டு, "இது இன்னும் ஒரு மாசம்தாம்மா" என்றார். இருபத்தொன்பதாம் நாள் அது நின்றுவிட்டது. அப்படிப்பட்ட மனிதருக்குத் தன் பைக்கின் பின் சீட்டிலிருந்து வந்த சத்தத்துக்கு மட்டும் வழி தெரியவில்லை.

அந்தச் சத்தம் அவர் மனைவி பிரிஜெட் அக்கா.

வியாழக்கிழமை தோறும் இருவரும் விவேக் நகர் குழந்தை இயேசு கோவிலுக்குப் போவார்கள். இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் எத்தனை பள்ளம், ரோட்டுக்குக் குறுக்கே எத்தனை ஹம்ப் என்று ஆம்ப்ரோஸ் அண்ணனுக்குக் கணக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் அக்கா அவர் முதுகில் ஒரு குத்து விடுவார். போக முப்பத்தியொன்று, வர இருபத்தெட்டு. வரும்போது அக்காவுக்குக் கை ஓய்ந்துபோகும்.

போன வருஷம் மழைக்குப் பிறகு அக்காவுக்கு இடுப்பு வலி வந்தது. ஒன்பது வியாழன் சேர்ந்தாற்போல் போவதாக வேண்டிக்கொண்டார். இடுப்பு சரியானால் தன் எடைக்கு எடை அரிசி, கோவில் பக்கத்திலிருக்கும் முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதாகவும் நேர்ந்துகொண்டார்.

ஆம்ப்ரோஸ் அண்ணனும் சும்மா இருக்கவில்லை. பைக்கின் பழைய ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்ரீஹர்ஷாவின் மெக்கானிக் கடையில் புதுசாக கேஸ் அடைத்த ஜோடி மாட்டினார். அதில் ஸ்பிரிங்குக்குக் கீழே பல் வைத்த ஒரு வளையம் உண்டு. பின்னால் உட்காருகிறவர் கனத்துக்குத் தகுந்தபடி அதை ஏற்றி இறக்கலாம்; ஏற்ற ஏற்ற ஸ்பிரிங் விறைக்கும். ஸ்ரீஹர்ஷா நல்ல பிள்ளை, ஆனால் நேராகக் கேட்டுவிடுவார்.

"அண்ணா, ஹெண்டதி எஷ்டு கேஜி?"

மனைவி எத்தனை கிலோ என்ற அந்தக் கேள்விக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக ஆம்ப்ரோஸ் அண்ணனுக்குப் பதில் தெரியாது. கேட்கவும் தைரியம் வந்ததில்லை. பயத்தில் கூட்டிச் சொன்னால் ஸ்பிரிங் பத்திரமாக இருக்கும் என்று நினைத்து, "நூறுன்னு வச்சுக்கோப்பா" என்றார்.

மூன்றாவது வியாழன். ஸ்பிரிங் கல் மாதிரி நின்றது. ஒவ்வொரு ஹம்பிலும் அக்கா சீட்டை விட்டு மேலே போய், சாவகாசமாகக் கீழே வந்தார். அந்தரத்தில் இருந்ததால் குத்துகள் கூடக் குறி தவறின. திரும்பி வரும் வழியில் நேராக ஸ்ரீஹர்ஷா கடையில் இறங்கி, "என்னப்பா பண்ணி வச்சிருக்க?" என்று கேட்டார்.

"அண்ணாவே சொன்னாரு அக்கா, நீங்க நூறு கேஜின்னு. அதுக்குத்தான் செட் பண்ணேன்."

அக்கா ஸ்பிரிங்கை ஒரு தரம் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"நூறு கிலோ பொம்பளைய எதுக்குங்க பைக்ல ஏத்தறீங்க? ஒரு லாரி புடிங்க."

அன்றோடு சரி. அடுத்த ஐந்து வியாழனும் அக்கா இரண்டு பஸ் மாறிப் போனார். ஆம்ப்ரோஸ் அண்ணன் பின் சீட்டு காலியாக, பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக அக்கா பார்ப்பார், இவர் கையை ஆட்டுவார், அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். குத்து வாங்காத முதுகு அரிக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னார், பாவம்.

"ஜானகிம்மா, ஒன்பதாவது வியாழனாவது அவ என்கூட வரணும். ஸ்பிரிங்க சரியா வைக்கணும். அதுக்கு அவ எடை வேணும். எடை எப்பத் தெரியும்? அரிசி நிறுக்கும்போது. அரிசி எப்ப? இடுப்பு சரியானா. இடுப்பு எப்பச் சரியாகும்? ஸ்பிரிங்க சரியா வச்சா."

விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டிவிட்டு, அரை கிலோ வெல்லம் வாங்கிக்கொண்டு போனார். அவர் வெல்லம் வாங்க வரவில்லை.

நான் அன்று ராத்திரி கடையில் விளக்கேற்றும்போது முருகனிடமும் சொன்னேன், பக்கத்தில் மாட்டியிருக்கும் குழந்தை இயேசுவிடமும் சொன்னேன். மறுநாள் காலையில் பிரிஜெட் அக்கா பருப்பு வாங்க வந்தபோது வாய் தானாகப் பேசியது.

"அக்கா, இடுப்பு சரியானாத்தான் அரிசின்னு வச்சிருக்கீங்களே, அது குழந்தை சாமி. குழந்தைகிட்ட யாராவது பேரம் பேசுவாங்களா? முதல்ல கையில குடுத்துட்டுத்தானே கொஞ்சுவோம்."

அக்கா பருப்பைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். கண் கலங்கிவிட்டது. "நிஜந்தான் ஜானகி. எனக்கு ஏன் தோணல?" என்றார். எனக்குக் குற்ற உணர்வாக இருந்தது. பாதிதான் பக்தி, மீதி பாதி ஸ்பிரிங்.

அன்று மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறப் போனார்.

"இருங்கக்கா. சர்ச்சுக்குப் போற மாதிரியே நில்லுங்க. செருப்பு, கைப்பை, ஹெல்மெட் எல்லாத்தோடயும். சாமிக்குக் குறையக் கூடாது."

"ஹெல்மெட்டுக்குமா அரிசி குடுக்கணும்?"

"ரெண்டு கிழவிங்க கூடச் சாப்பிடட்டுமே."

எதிர்வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்து வந்து ஏறினார். எண் வந்தது. உடனே குழந்தை இயேசு படத்தின் மேல் என் கையை வைக்கச் சொன்னார். "இந்த நம்பர் உங்க வாயத் தாண்டக் கூடாது." தாண்டாது என்று சத்தியம் செய்தேன். இன்று வரை தாண்டவில்லை. நூறெல்லாம் இல்லை என்று மட்டும் சொன்னால் பாவமாகாது என்று நினைக்கிறேன்.

அதே கனத்துக்கு அரிசியை நிறுத்து, ஒரே சாக்கில் கொட்டித் தைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ரோஸ் அண்ணன் எடுத்துப் போக வந்தார்.

"இதுல எத்தனைன்னு கேக்காதீங்கண்ணா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

சாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷ ஃபிட்டர் அல்லவா, முகம் மெதுவாக மலர்ந்தது.

"நம்பர் எனக்கெதுக்குங்க? கனம் போதும்."

என் சத்தியம் வாயோடுதான். சாக்கோடு இல்லை.

நேராக ஸ்ரீஹர்ஷா கடைக்குப் போனார். மூட்டையைப் பின் சீட்டில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கட்டி, தானும் முன்னால் ஏறி உட்கார்ந்தார். ஸ்ரீஹர்ஷா, பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று டேப் வைத்துப் பார்த்து, வளையத்தை ஒவ்வொரு பல்லாக இறக்கினார். ஸ்பிரிங் இறங்கக்கூடிய அளவில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும், "ஆயிது அண்ணா. அக்கா இல்லி ஆராமா கூத்துக்கோபோது" என்று மூட்டையைத் தட்டினார். ஆயிற்று, அக்கா இங்கே நிம்மதியாக உட்காரலாம் என்று அர்த்தம்.

"தட்டாதப்பா," என்றார் ஆம்ப்ரோஸ் அண்ணன். அவருக்கு என்னவோ போல் இருந்ததாம்.

இல்லத்துக்கு என் பங்காக முப்பது முட்டை கொடுத்திருந்தேன். அட்டையோடு மூட்டையின் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். முப்பத்தியொரு பள்ளமும் ஹம்பும். அங்கே சிஸ்டர் எண்ணிப் பார்த்ததில் ஒன்றுதான் கீறியிருந்தது. அது கடையிலேயே கீறியிருந்தது, எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலிருந்தே சொன்னார். "பிரிஜெட், ஒரு முட்டை கூட உடையல. மூட்டை ஒரு வார்த்தை பேசல."

"முட்டைக்கு இடுப்பு இருக்கா?" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

ஆனால் ஒன்பதாவது வியாழன் பஸ் வந்தபோது அக்கா அதில் ஏறவில்லை. நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் போகும்வரை நின்றார். பின்னால் பைக்கோடு நின்ற கணவரிடம் போய், பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

மீதியை மறுநாள் இருவருமே சொன்னார்கள். முதல் ஹம்ப் போயிற்று, குத்து இல்லை. ஐந்து போயிற்று, இல்லை. பத்தாவது பள்ளத்திலும் முதுகில் எதுவும் விழாததும் ஆம்ப்ரோஸ் அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. அக்கா எங்கேயோ விழுந்துவிட்டார் என்று முடிவே செய்துவிட்டார். பைக்கை ஓரம் கட்டிச் சட்டென்று பிரேக் போட்டார். இரண்டு ஹெல்மெட்டும் முட்டிக்கொண்டன.

"ஏங்க, புத்தி இருக்கா? ஜெபமாலையில மூணு பத்து மணி முடிச்சேன். நாலாவது பத்துல எந்த மணியில இருந்தேன்னு மறந்துபோச்சு."

பிறகு ஒரு குத்து விட்டார். அந்தக் குத்து சரியான இடத்தில் விழுந்தது என்று சொல்லி ஆம்ப்ரோஸ் அண்ணன் முதுகைத் தடவிக்கொண்டார்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஹெல்மெட்டோட எதுக்கு நிக்கச் சொன்னீங்கன்னு இப்பத்தான் புரியுது" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். கால் கிலோ முந்திரி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். அக்கா கடைக்கு வந்து மேடைத் தராசைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏறவில்லை.

"ஜானகி, அவர்கிட்ட அந்த வளையத்த ஒரு பல் ஏத்தச் சொல்லுங்க. ஏன்னு கேட்டா, ரோடு மோசமாயிருச்சுன்னு சொல்லுங்க."

அப்படியே போய்ச் சொன்னேன். ஆம்ப்ரோஸ் அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை.

"ஆமாங்க, கேக்கு சீசன்ல ரோடு எப்பவும் கொஞ்சம் மோசமாத்தான் ஆகும்," என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரை எடுக்கப் போனார்.