பூச்சி என்றே சொல்லியிருக்கலாம்

குடுவைச் செடி வளர்க்கிற பைத்தியம் எனக்கு 2006-இல் பிடித்தது. அப்போது சிதம்பரத்தில் ஒரு மாடி போர்ஷனில் நானும் என் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். தினமும் கடலூருக்குப் பஸ் ஏறி, ஒரு ஆபீசில் ஃபைல்களோடு மாரடித்துவிட்டுத் திரும்பும் பிழைப்பு. ஒருநாள் கம்ப்யூட்டர் சென்டரில் எதையோ தேடப்போய் அந்தப் படத்தைப் பார்த்தேன். இலையின் நுனி கம்பிபோல நீண்டு தொங்க, அதன் முனையில் மூடி வைத்த செம்பு மாதிரி ஒரு பை. பைக்குள் தண்ணீர். வாயோரம் சுரக்கும் தேனை நக்க வருகிற எறும்பு வழுக்கி உள்ளே விழும். அதைக் கரைத்துச் செடி சாப்பிட்டுவிடும். பார்த்த மாத்திரத்தில் மனுஷன் விழுந்துவிட்டேன்.

கேரளாவிலிருந்து ஒருவர் ஈரப்பாசியில் சுற்றி, கூரியரில் அனுப்பிவைப்பார். முதலில் வந்த மூன்றும் இருபது நாளில் செத்தன. எல்லாம் தண்ணீர் செய்த வேலை. எங்கள் போர் தண்ணீரில் குளித்தால் தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும், அவ்வளவு உப்பு. இந்தச் செடிக்கு உப்பு ஆகவே ஆகாது. மழைத்தண்ணீர்தான் வேண்டும். மொட்டைமாடிக் குழாயைத் திருப்பிவிட்டு நான்கு டிரம்களில் பிடித்து வைத்தேன். ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே ஒரு தட்டு, தட்டு நிறையத் தண்ணீர். அந்த ஈரம் இல்லையென்றால் கத்திரி வெயிலில் ஒரு குடுவைகூட விடாது. நாலைந்து வருஷத்தில் முப்பது தொட்டி சேர்ந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அதுவே பெரிய பேச்சு.

கீழ் போர்ஷனில் ஒரு குடும்பம். புருஷன் காட்டுமன்னார்கோயில் பக்கம் ரைஸ்மில்லில் வேலை பார்த்தார். பெண்சாதி வீட்டில் இருந்தாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, ஏறாத கோயில் ஏறி, ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்தக் குழந்தையைத் தரையில் விடவே அவளுக்கு மனசு வராது.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயம், ஒருநாள் துணி காயப்போட மேலே வந்தவள், "இது என்னா செடிண்ணா?" என்று கேட்டாள்.

"பூச்சி திங்கிற செடிம்மா" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பாம்பை வாய்விட்டுப் பாம்பு என்று சொல்லமாட்டார்கள். பூச்சி என்பார்கள்.

"ஐயய்யோ, அப்ப இதத் தேடிக்கிட்டு பூச்சி வருமாண்ணா? கீழ கொழந்த கெடக்குதுண்ணா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்காரவைத்துப் புரியும்படி ஐந்து நிமிஷம் சொல்லியிருக்கலாம். சோம்பேறித்தனம். "பாம்பில்லம்மா. கொசு. கொசு திங்கிற செடின்னு வச்சிக்கயேன்" என்றேன்.

பொய். நான் பிளந்து பார்த்த குடுவைகளில் எல்லாம் எறும்பு, ஈ, கரப்பான் குஞ்சு. கொசு எப்போதாவது ஒன்றிரண்டு. ஆனால் அந்தச் சொல் தெருவுக்குப் பிடித்துப்போயிற்று. கொசுச் செடி வீட்டுக்காரர் என்று என்னை அடையாளம் சொன்னார்கள். யாராவது வந்து ஆச்சரியப்பட்டால் குடுவையை விரலால் தூக்கிக் காட்டிப் பெருமை பீற்றிக்கொள்வேன். ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

2011 கடைசியில் புயல் வந்தபோது, முதல் நாள் சாயங்காலமே கீழ்வீட்டுக்காரி மேலே ஏறி வந்து, என் மனைவியோடு சேர்ந்து அத்தனை தொட்டியையும் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுக்குள் வைத்தாள். செடிகளுக்கு மேலே வெயிலுக்காகக் கட்டியிருந்த நிழல்வலையைக் காற்று கிழித்து எங்கேயோ கொண்டுபோய்விட்டது. ஒரு தொட்டிக்கும் சேதமில்லை. ஏதாவது செய்ய வேண்டுமே என்று, "என்னம்மா வேணும் ஒனக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு செடி குடுங்கண்ணா. பாப்பாவுக்குக் கொசுவத்திப் பொகை ஒத்துக்க மாட்டேங்குது. இளைப்பு வந்துடுது. இது இருந்தா வத்தி கொளுத்த வேணாம்ல?"

அப்போதாவது என் வாயில் உண்மை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருப்பதில் நல்லதாக, பத்துக் குடுவை தொங்குவதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "தட்டுல தண்ணி வத்தவே கூடாது. பழைய தண்ணியக் கொட்டிடாத, மேல மேல ஊத்து. மழைத்தண்ணி எங்கிட்ட வந்து எடுத்துக்க" என்று பாடம் வேறு நடத்தினேன். அவள் அதைக் குழந்தை படுக்கிற கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்தாள்.

அடுத்த ஐப்பசியில் தெருவில் காய்ச்சல் வர ஆரம்பித்தது. என் மனைவி டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தண்ணியில புழு நெளியுதுங்க. கொட்டித் தொலைங்க" என்றாள்.

"கொட்டிட்டு? கோடையில செடிக்கு ஒன் தலையில இருந்தா தண்ணி வரும்? சாக்கடையப் போய்ப் பாரு, கொசு அங்கருந்து வருது" என்று கத்தினேன். மருந்து ஊற்றவும் விடவில்லை.

நான்கு நாள் கழித்துக் கீழ்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். அப்போது அதற்கு நாலு வயசு முடிந்திருந்தது. மூன்றாம் நாள் கண் சொருகி, பல் ஈறில் ரத்தம் கசிந்தது. கடலூருக்குக் கொண்டுபோனார்கள், டெங்கு என்றார்கள், ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிவிட்டது என்றார்கள்.

அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். சாவி எங்களிடம் இருந்தது. கீழ்வீட்டைத் திறந்துவிட்டு நானும் கூட நின்றேன். அவர் ஜன்னலில் இருந்த தொட்டியைத் தூக்கி, தட்டில் டார்ச் அடித்தார். நூல் துண்டு போலக் கொசுப்புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"இது சாக்கடையில முட்ட வைக்காது சார். நல்ல தண்ணிதான் வேணும் இதுக்கு. பகல்ல கடிக்கிற கொசு. கொழந்த கட்டில் பக்கத்துலயா வைப்பாங்க? யாரு வச்சது இத?"

"கீழ்வீட்டுக்காரங்க" என்றேன்.

அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, "மாடியையும் பாக்கணும்" என்றார். மாடி சாவி மனைவியிடம் இருக்கிறது, கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் ஓடிப்போய் நான்கு டிரம்மையும் கவிழ்த்தேன். தட்டுகளைக் கொட்டினேன். தண்ணீர் படியில் வழிந்து ஓடியது. என் மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தை போய்விட்டது.

ஊரெல்லாம் காய்ச்சல், எந்தக் கொசு எங்கிருந்து வந்ததென்று எந்தச் சாமிக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்லச் சோறு இறங்கவில்லை. போய்ச் சொல்லிவிடுங்கள் என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். காரியம் முடியட்டும் என்றேன்.

காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். குழந்தையின் அம்மா மேலே ஏறி வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"அண்ணா, ஒன்னு கேக்கணும். ஆயுத பூசைக்கு அம்மா வீட்டுக்குப் போனேன்ல, நாலு நாளு தண்ணி ஊத்தல. வந்து பாத்தா மூணு குடுவ காஞ்சி கெடந்துச்சி. பயந்துகிட்டு ஒங்ககிட்ட சொல்லல. அதனாலதான் அது கொசுவப் புடிக்கலையா?"

என் மனைவி என் முகத்தையே பார்த்தாள். அது கொசு தின்கிற செடியே இல்லை தாயி, தட்டில் தண்ணீரைத் தேக்கச் சொன்னவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது.

"செடி மேல தப்பில்லம்மா" என்றேன்.

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். "எனக்குத் தெரியும்ண்ணா. எம்மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். நான் கூப்பிடவில்லை.