முடிக்குள் இறுகிய வார்

ஜோலார்பேட்டையில் ரயில்வே துரை ஒருவர் ஊர் மாறிப் போனபோது விட்டுச்சென்ற சடை நாயை ஆம்பூருக்குக் கொண்டுவந்தவன் நான்தான். பள்ளிப் படிப்பு முடித்து, அடுத்தது என்னவென்று துடித்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் அதன் முன்னங்கால் பூசணிப் பிஞ்சு போல வீங்கிவிட்டது. தொட்டால் கடிக்க வந்தது.

வைத்தியப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். தேளா, முள்ளா, சீழா? என் ஊகம் மணிக்கொன்றாக மாறியது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த என் தோஸ்த் தினமும் வந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொள்வான். அவன் பிடித்தால் மட்டும் அது அடங்கும்.

"இன்னாடா டாக்டரு, இன்னிக்கு இன்னா நோவு?"

"சிரிக்காதடா. காலே போய்டும் போலக்கீது."

அவன் சிரிப்பு நின்றது. "வெந்நீர் ஊத்திக்கினே இரு. காயவுடாத."

ஊற்றினால் நாய் அமைதியாகும். வெயிலில் காய்ந்ததும் ஊளையிடும். புத்தகத்தில் இதற்கு விளக்கமே இல்லை.

மூன்றாம் நாள் அவன் நாயைப் பிடித்துக்கொள்ள, மருந்து பூசுவதற்காகக் கத்தரியால் முடியை வெட்டினேன். சதைக்குள் புதைந்து கிடந்தது, பதனிடாத பச்சைத்தோல் வார் ஒன்று. ஈரத்தில் கட்டினால் காயக்காய இறுகும் என்பது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். நானோ இத்தனை நாளும் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். வாரை அறுத்தெடுத்தேன். அதிலிருந்தது ஷாப்பில் தோல் கட்டுக்குப் போடும் முடிச்சு.

"நீயா?"

நாயைத் தடவிய அவன் கை நின்றது. "ஷாப்ல காயப்போட்ட தோல உன் நாயி கிழிச்சுட்ச்சுடா. மேஸ்திரி என்னைக் கண்டபடி ஏசினாரு. நாலு நாள் நொண்டினா அந்தப் பக்கம் வராதுன்னு கட்னேன். இவ்ளோ வீங்கும்னு நெனைக்கல."

"மூணு நாளா கூடவே குந்தினு இருந்தியேடா! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நைசா அவுத்துடலாம்னுதான் தெனம் வந்தேன். நீ எங்க நகர்ந்த?"

அவன் அன்பால் வந்ததாக நான் நினைத்த மூன்று நாளும், நான் எப்போது நகர்வேன் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறான். "வராதடா இனிமே" என்றேன்.

கால் பிழைத்தது, நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. அவனோடு நான் பேசவில்லை. ஆனால் தெருவில் அவன் குரல் கேட்டாலே நாய் வாலை ஆட்டிக்கொண்டு நொண்டி ஓடும். கூப்பிடுவேன். திரும்பிக்கூடப் பார்க்காது.