சொரசொரப்பான தகடு

ஜப்பானின் சப்போரோ நகர ஆய்வுக்கூடத்தில் ஒகுனோ தன் பிளாட்டினத் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றுவாள். ஆனாலும் அதில் ஒட்டிய கார்பன் மோனாக்சைடு வாயு, அகச்சிவப்பு ஒளி அளவீட்டு வரைபடத்தில் சின்ன மேடாகத்தான் தெரியும். பக்கத்து மேசை நிஷிகாவாவின் சொரசொரப்பான தகட்டிலோ மலைபோல் எழும்பும். பேராசிரியர் அவனைப் புகழும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவன் வெளியே போயிருந்தபோது அவன் தகட்டையும் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டாள். அன்று மாலை அவனுக்கும் சின்ன மேடுதான் வந்தது.

"என் தகட்ட யாரு தேச்சது?"

"நான்தான், நிஷிகாவா சான். ஒரே அழுக்கா இருந்துச்சு," என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல்.

அவன் துள்ளிக் குதித்தான். "அப்போ சொரசொரப்புதான் சிக்னலைப் பெருக்குது! எனக்கு இது தோணவே இல்லையே, ஒகுனோ சான்!"

இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் அவன் பெயர் முதலிலும் அவள் பெயர் அடுத்தும் வந்தது. அதைக் கொண்டாட அவன் வாங்கித் தந்த ராமென் நூடுல்ஸ் அவள் தொண்டையில் இறங்கவில்லை.