எலுமிச்சை தேய்த்த கை

டச்சுக் கல்லறைச் சுவரில் படர்ந்த கொடியிலிருந்துதான் சங்குப்பூ பறித்தேன். பழவேற்காட்டில் அத்தனை நீலமாக வேறெங்கும் பூக்காது. பூக்கும் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். இதழ்களைச் சுடுநீரில் ஊறப்போட்டு, வடிகட்டிய சாற்றில் மையொற்றும் தாளை நனைத்து, நிழலில் காயவைத்துப் பட்டை பட்டையாக நறுக்கினேன். புளிக்கரைசலில் தோய்த்தால் சிவக்கும், கிளிஞ்சல் சுண்ணாம்புத் தண்ணீரில் பச்சையாகும், வெறும் தண்ணீரில் நீலமாகவே இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள், அமிலம் எது காரம் எது என்று காட்டும் தாளை வீட்டிலேயே செய்துவிட்டேன். திமிர் இருக்காதா?

பொன்னேரியில் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சி. என் கவலையெல்லாம் தாளைப் பற்றி இல்லை, கையைப் பற்றி. அம்மா கூலிக்கு இறால் உரிப்பவள். விடியற்காலையில் நானும் கூட உட்காருவேன். முன்பு ஒருமுறை பொன்னேரி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்த எரிச்சல் எனக்கு ஆறவேயில்லை.

"எலுமிச்சம்பழம் நல்லா தேச்சிக்கோ, ஒருத்தருக்கும் தெரியாது" என்று அம்மா ஒரு மூடியைப் பையில் போட்டு அனுப்பினாள். மண்டபத்து வாசலில் இன்னொரு தடவை அழுத்தித் தேய்த்துக்கொண்டேன்.

நடுவராக வந்த ஆசிரியர் என் மேசை முன் நின்றார். வெறும் தண்ணீரில் தாளை நனைத்துக் காட்டினேன். நீலமாக இருக்க வேண்டியது சிவந்திருந்தது.

"இன்னாமா, வெறுந்தண்ணிக்கே செவக்குது?"

இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படியே. அவர் பேனாவை மூடிவிட்டு அடுத்த மேசைப் பக்கம் திரும்பினார். நனைப்பதற்காகக் கையில் வைத்திருந்த அடுத்த தாளைப் பார்த்தேன். தண்ணீரே படாத அதிலும், நான் பிடித்திருந்த இடம் சிவப்பு!

"சார், போயிடாதீங்க! தண்ணி மேல தப்பில்ல. என் கையில எலுமிச்சம்பழம்."

"அது எதுக்கு கையில?"

ஜூஸ் பிழிந்தேன் என்ற பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"காத்தால இறால் உரிச்சேன் சார். கவுச்சி போவணும்னு தேச்சேன்" என்றேன், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி.

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்! புதுத் தாளை உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன், சிவந்தது. குழாயடிக்கு ஓடிப்போய்க் கையை நன்றாக அலம்பிவிட்டு வந்து இன்னொன்றை நனைத்தேன்; நீலம் நீலமாகவே நின்றது. நடுவர் பேனாவைத் திறந்தார். முதல் பரிசு எனக்குத்தான். எலுமிச்சை போய்விட்டதால் இறால் வாடை மறுபடி வந்திருந்தது. அந்தக் கையாலேயே போய் வாங்கினேன்.

சாயங்காலம் நடந்ததைச் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! பொன்னேரி முழுக்க தண்டோரா போட்டுட்டியா?"

மறுநாள் விடியற்காலை இறால் உரிக்கிற இடத்தில், "என் பொண்ணு இந்தக் கையாலதான் பரிசு வாங்குனா" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், இறால் தோல் ஒட்டிய என் கையைத் தூக்கிப் பிடித்தபடி.